அணுப்போரும் நாஞ்சில் நாட்டு நெல்லும்

உலகப் படத்தை ஒருமுறை விரித்துப் பாருங்கள். இந்தியத் துணைக்கண்டம் கூர்மையாக இறங்கிக் கடலில் முடியும் இடத்தில், வட அட்சம் 8 டிகிரியில், கன்னியாகுமரி மாவட்டம் அமைந்திருக்கிறது. அம்மாவட்டத்தின் தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களை உள்ளடக்கிய பகுதியே நாஞ்சில் நாடு. நாஞ்சில் என்றால் கலப்பை. பெயருக்கேற்ப இது உழவர் நாடு. பழையாறும், 1906-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையும் இதன் வயல்களுக்கு நீர் தருகின்றன. ஆண்டுக்கு இருபோகம்: ஒன்று கன்னிப்பூ, மற்றொன்று கும்பப்பூ. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டையும் பெறும் பேறு பெற்ற நிலம் இது. பழைய திருவிதாங்கூர் அரசின் நெற்களஞ்சியம் என்று இதனை அழைத்தனர்.

இனி ஒரு கற்பனை. வடக்கே, இங்கிருந்து 2,500 கிலோமீட்டருக்கு அப்பால், இரு நாடுகளுக்கிடையே அணுப்போர் மூண்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நாகர்கோவிலில் குண்டு விழவில்லை. ஒரு கண்ணாடிச் சன்னல்கூட உடையவில்லை. கதிரியக்கத் தூசியும் இவ்வளவு தொலைவுக்குப் பெருமளவில் வந்து சேரவில்லை. அப்படியானால் நாஞ்சில் நாட்டு மக்கள் பிழைத்துக்கொண்டார்கள் என்று கூறலாமா?

கூற முடியாது என்பதே அறிவியலார் தரும் விடை. அணுப்போரில் குண்டினால் இறப்பவரைவிடப் பட்டினியால் இறப்பவர் பல மடங்கு மிகுதியாக இருப்பர். அவர்களிற் பெரும்பாலோர் போரில் ஈடுபடாத நாடுகளில் வாழ்பவராக இருப்பர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இது எவ்வாறு நேரும்? இதற்கு ஒத்த நிகழ்ச்சி ஏதேனும் நம் மண்ணில் நடந்திருக்கிறதா? இவற்றை ஆராய்வோம்.

வானில் ஏறும் கரி

விறகடுப்பில் சமைக்கும் வீட்டின் ஓட்டுக்கூரையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அடுப்புக்கு மேலுள்ள ஓடுகள் கருத்திருக்கும். விறகு முற்றிலும் எரியாதபோது உண்டாகும் நுண்ணிய கரித்துகள்களே அங்கே படிகின்றன. இதனைப் புகைக்கரி என்கிறோம். ஒரு நகரம் முழுவதும் தீப்பற்றி எரிந்தால் எவ்வளவு புகைக்கரி உண்டாகும் என்று எண்ணிப் பாருங்கள்! மரம், தார், எண்ணெய், துணி, பிளாஸ்டிக் என நகரத்தில் எரியக்கூடியவை ஏராளம்.

சாதாரணத் தீயின் புகை வளிமண்டலத்தின் கீழ்ப்பகுதியிலேயே தங்கிவிடும். மழை பெய்ததும் அது கழுவப்பட்டுச் சில நாட்களில் மறைந்துவிடும். ஆனால் மாபெரும் நகரத் தீயின் வெப்பம் புகையை மழைமேகங்களுக்கும் மேலே தள்ளக்கூடியது. அங்கே இரண்டாவது வினை தொடங்குகிறது. கரிய பொருள் வெயிலை ஈர்த்துக் கொள்ளும் என்பது உங்களுக்குத் தெரியும். கரித்துகள்கள் சூரிய ஒளியை ஈர்த்துச் சூடேறுகின்றன; தம்மைச் சுற்றியுள்ள காற்றையும் சூடாக்குகின்றன. சூடான காற்று மேலே எழும்புகிறது. இவ்வாறு கரி தன்னைத் தானே உயர்த்திக்கொண்டு அடுக்குமண்டலத்தை அடைந்துவிடுகிறது. அங்கே மழை கிடையாது. கழுவித் தள்ள ஏதுமில்லாமையால் கரி பல ஆண்டுகள் அங்கேயே மிதக்கும்; சில வாரங்களில் உலகம் முழுவதும் பரவும். பூமிக்கு வரவேண்டிய வெயிலின் ஒரு பகுதி மேலேயே தடுக்கப்பட்டுவிடும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. 2017-ஆம் ஆண்டில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் ஒரு பெருங்காட்டுத் தீ உண்டாயிற்று. அதன் புகை ஏறத்தாழ 12 கிலோமீட்டர் உயரத்தை முதலில் எட்டியது. பின்னர் வெயிலால் சூடேறி, இரண்டு மாதங்களுக்குள் 23 கிலோமீட்டர் உயரத்துக்குச் சென்றது. செயற்கைக்கோள்கள் அதனைப் பல மாதங்கள் தொடர்ந்து கண்டன.

அணுப்போர்ப் புகை வெயிலை மறைக்கக்கூடும் என்பதை 1982-ஆம் ஆண்டில் பால் குருட்சன், ஜான் பர்க்ஸ் என்னும் இருவர் முதலில் சுட்டிக்காட்டினர். அடுத்த ஆண்டு டிசம்பரில் டர்கோ, டூன், ஆக்கர்மன், போலாக், கார்ல் சேகன் ஆகிய ஐவர் வெளியிட்ட ஆய்வு உலகையே திடுக்கிட வைத்தது. ‘அணுக்குளிர்காலம்’ என்னும் சொல் அப்போதுதான் பரவலாயிற்று.

எவ்வளவு இருளும்? எவ்வளவு குளிரும்?

இன்று உலகில் ஏறத்தாழ 12,000 அணு ஆயுதங்கள் உள்ளன. இவற்றில் பெரும்பகுதி அமெரிக்காவிடமும் ரஷ்யாவிடமும் இருக்கின்றன. இந்தியா, பாகிஸ்தான் ஆகிய இரு நாடுகளிடமும் தனித்தனியே 150-க்கு மேற்பட்டவை உள்ளன என மதிப்பிடுகின்றனர்.

2022-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லிலி சியா, ஆலன் ரோபோக் முதலியோர் பல்வேறு அளவிலான போர்களைக் கணிப்பொறியில் கணக்கிட்டுப் பார்த்தனர். ஹிரோஷிமாவில் விழுந்ததை ஒத்த 100 குண்டுகள் இந்திய, பாகிஸ்தான் நகரங்களின்மீது விழுந்தால் 50 இலட்சம் டன் புகைக்கரி மேலே செல்லும் என்று கொண்டனர். அப்போது உலகின் சராசரி வெப்பநிலை 1 முதல் 2 டிகிரி செல்சியஸ் வரை குறையும். அமெரிக்காவும் ரஷ்யாவும் தம் ஆயுதங்களைப் பயன்படுத்தினாலோ 15 கோடி டன் கரி எழும்பும்; வெப்பநிலை 8 டிகிரிக்கு மேல் வீழும்.

‘ஒன்றிரண்டு டிகிரிதானே? அது நமக்கு நல்லதாயிற்றே’ என்று வெயிலில் வாடும் நாம் நினைக்கலாம். பயிர்கள் அப்படி நினைப்பதில்லை. இவற்றுள் மிகச் சிறிய போரிலேயே உலகின் பயிர் விளைச்சல் கலோரிக் கணக்கில் சராசரியாக 7 விழுக்காடு குறையும். 1961 முதல் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் வைத்திருக்கும் கணக்குகளில் இத்தகைய வீழ்ச்சி எந்த ஆண்டிலும் நேர்ந்ததில்லை. மிகப் பெரிய போரிலோ மூன்று நான்கு ஆண்டுகளில் விளைச்சல் 90 விழுக்காடு வரை குறைந்துவிடும். அந்தப் போரில் குண்டுகளால் நேரடியாக இறப்பவர் சுமார் 36 கோடி. பட்டினியால் இறப்பவர் 500 கோடிக்கும் மேல்! இந்திய–பாகிஸ்தான் போர் முழு அளவில் நடந்தாலும் பட்டினிச் சாவு 200 கோடியைத் தாண்டக்கூடும் என்கிறது இந்த ஆய்வு.

இந்த எண்களில் கருத்து வேறுபாடு உண்டு என்பதையும் நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். இன்றைய நகரங்களில் எவ்வளவு பொருள் எரியும், அதில் எவ்வளவு கரியாகும், எவ்வளவு உயரம் செல்லும் என்பவற்றில் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. 2018-இல் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தார் செய்த கணக்கில் மேலே செல்லும் கரி மிகக் குறைவாகவே வந்தது. கரியின் அளவு பற்றித்தான் இந்த வாதம். அவ்வளவு கரி மேலே சென்றுவிட்டால் பயிர் வீழும் என்பதில் ஐயமில்லை.

நெல்லின் மெல்லிய பருவம்

நெற்பயிர் வாழ்வதற்கும் நெல்மணி விளைவதற்கும் வேறுபாடு உண்டு. சற்றுக் குளிர்ந்தாலும் பயிர் பச்சையாகவே நிற்கும். ஆனால் கதிர் வெளிவருவதற்குச் சில நாட்கள் முன்பு, அது தாளுக்குள் பொதியாக இருக்கும் பருவம் மிக மென்மையானது. மகரந்தம் உருவாகும் நேரம் அது. அப்போது சில நாட்கள் வெப்பநிலை 15 முதல் 18 டிகிரிக்குக் கீழே இறங்கினால் மகரந்தம் மலடாகிவிடும். கதிர் வெளிவரும், ஆனால் மணி பிடிக்காது. அறுவடையில் பதரே மிஞ்சும். ஆகவே ஆண்டின் சராசரி வெப்பம் எவ்வளவு குறைந்தது என்பதைவிட, அந்தச் சில நாட்களில் எவ்வளவு குறைந்தது என்பதே நெல்லுக்கு முக்கியம்.

இதற்கு ஜப்பான் ஒரு சான்று. 1991 ஜூனில் பிலிப்பைன்ஸ் நாட்டில் பினாட்டுபோ எரிமலை வெடித்தது. அதன் கந்தகத் துகள்கள் வெயிலைத் தடுத்ததால் உலகம் அரை டிகிரி அளவுக்குக் குளிர்ந்தது. 1993-இல் ஜப்பானில் கோடைக்காலம் கோடையாகவே இல்லை. இதில் பினாட்டுபோவுக்கும் பங்கு உண்டு என்று கருதுகின்றனர். அவ்வாண்டு நெல் விளைச்சல் வழக்கத்தைவிட ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. அரிசி இறக்குமதியை அதுவரை பிடிவாதமாகத் தடுத்து வந்த ஜப்பான், தாய்லாந்து, சீனா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளிலிருந்து 20 இலட்சம் டன்னுக்கு மேல் வாங்க நேரிட்டது. பணமும் இருந்தது, விற்கப் பிற நாடுகளும் இருந்தன. எனவே ஜப்பானில் எவரும் பட்டினியால் மடியவில்லை. உலகம் முழுவதும் ஒரே நேரத்தில் இதே நிலை வந்தால் யார் யாருக்கு விற்பது?

நாஞ்சில் நாடு நிலநடுக்கோட்டுக்கு அருகில், கடலை ஒட்டி இருக்கிறது. ஆகையால் சிறிய போரில் இங்கே குளிர் அதிகம் தாக்காது. பஞ்சாபின் கோதுமையும் வடநாட்டு நெல்லும் பாதிக்கப்படும் அளவுக்கு இவ்வூர் நெல் பாதிக்கப்படாமல் இருக்கலாம். ஆனால் மழையின் கதை வேறு. கோடையில் நிலம் கடலைவிட அதிகமாகச் சூடேறுவதால்தான் தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வருகிறது. கரித்திரையின்கீழ் நிலம் விரைவாகக் குளிரும். கடல் மெதுவாகவே குளிரும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சுருங்கும்போது பருவக்காற்றும் தளரும். அணை நிரம்பாவிட்டால் கன்னிப்பூ நடுவதற்கு நீர் ஏது?

கப்பல் நின்ற ஆண்டு

இதுவரை வெயிலைப் பற்றிப் பேசினோம். பட்டினிக்கு இரண்டாவது வழி ஒன்று உண்டு. அது வணிகம் நின்றுபோவது. ரட்கர்ஸ் ஆய்வாளர்களும் போருக்குப் பின் நாடுகளுக்கிடையே உணவு வணிகம் நின்றுவிடும் என்று கொண்டே மேற்கண்ட கணக்கைப் போட்டனர். வணிகம் நின்றால் என்ன ஆகும் என்பதை அறிய நாம் கற்பனை செய்யத் தேவையில்லை. நம் பகுதியிலேயே அது நடந்திருக்கிறது.

அன்று நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தென்பகுதியாக இருந்தது. 1956 நவம்பர் 1-ஆம் நாள்தான் கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழ்நாட்டுடன் (அன்றைய சென்னை மாநிலத்துடன்) இணைந்தது. நாஞ்சில் நாடும் குட்டநாடும் நெல் விளைத்தபோதிலும், திருவிதாங்கூரின் பிற பகுதிகளில் தென்னை, மிளகு, ரப்பர், தேயிலை ஆகியவையே மிகுந்திருந்தன. கொப்பரையையும் கயிற்றையும் ஏற்றுமதி செய்து, அந்தப் பணத்தில் பர்மாவிலிருந்து அரிசி வாங்குவது வழக்கமாயிற்று. தேவைப்பட்ட அரிசியில் பாதிக்கு மேற்பட்டது வெளியிலிருந்து வந்தது. பர்மா அரிசி மலிவு. கப்பல் தவறாமல் வந்தது. இதில் தவறு இருப்பதாக எவருக்கும் தோன்றவில்லை.

1942 மார்ச்சில் ஜப்பானியப் படை இரங்கூனைப் பிடித்தது. அரிசிக் கப்பல் நின்றது. திருவிதாங்கூரில் ஒரு குண்டும் விழவில்லை. பருவமழையும் அடியோடு பொய்க்கவில்லை. வெயில் எப்போதும்போல் அடித்தது. ஆனாலும் பஞ்சம் வந்துவிட்டது. கயிற்றுத் தொழிலுக்கும் ஏற்றுமதி இல்லாமற் போகவே, அரிசி விலை ஏறிய அதே வேளையில் தொழிலாளரின் கூலி வீழ்ந்தது. 1943, 1944 ஆகிய ஆண்டுகளில் பசியாலும், அதனைத் தொடர்ந்த நோய்களாலும் ஏராளமானோர் மடிந்தனர். சேர்த்தலைப் பகுதியின் கயிற்றுத் தொழிலாளர் பட்ட துன்பம் கொடியது. இந்திய ஊழியர் சங்கத்தைச் சேர்ந்த கே. ஜி. சிவசுவாமி இப்பகுதிகளில் ஆய்வு நடத்தி, திருவிதாங்கூரின் பஞ்சத்தையும் ஊட்டக்குறைவு நோய்களையும் பற்றி 1945-இல் ஒரு நூலே வெளியிட்டார்.

அதே 1943-இல் வங்கத்தில் ஏறத்தாழ 30 இலட்சம் பேர் மாண்டனர். பொருளியல் அறிஞர் அமர்த்திய சென் 1981-இல் வெளியிட்ட நூலில் வங்கப் பஞ்சத்தை ஆராய்ந்து, உணவு குறைவதால் மட்டும் பஞ்சம் வருவதில்லை, அதனை வாங்கும் ஆற்றலை ஏழை மக்கள் இழப்பதாலும் வருகிறது என்று விளக்கினார். சேர்த்தலைக் கயிற்றுத் தொழிலாளியின் கதையும் அதுவே.

திருவிதாங்கூர் அரசு நாடு முழுவதற்கும், நகரம் கிராமம் என்ற வேறுபாடின்றி, உணவுப் பங்கீட்டு முறையைக் கொண்டுவந்தது. நெல் விளைப்போர் தம் வீட்டுத் தேவை போக மிகுந்ததை அரசுக்கு அளக்க வேண்டியதாயிற்று. களஞ்சியம் என்று பெயர்பெற்ற நாஞ்சில் நாட்டிலும் அரிசி அளந்து தரப்படும் பொருளாயிற்று. இருப்பதைப் பகிர்ந்துகொள்ளும் இந்த ஏற்பாடு இல்லாதிருந்தால் சாவு இன்னும் பெருகியிருக்கும்.

மரச்சீனி தந்த உயிர்

பங்கீட்டு அரிசி வயிற்றை நிரப்பவில்லை. மீதியை நிரப்பியது மரச்சீனி. பிற மாவட்டத்தார் மரவள்ளி அல்லது குச்சிக்கிழங்கு என்பதையே குமரி மாவட்டத்தார் மரச்சீனி என்கின்றனர். தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இச்செடியைத் திருவிதாங்கூரில் பரப்பியவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. 60 ஆண்டுகளுக்குப் பின் அது இலட்சக்கணக்கானோரின் உயிரைக் காக்கும் என்று அவர் எண்ணியிருப்பாரா?

நெல்லுக்கு ஆகாத மேட்டுநிலத்திலும் மரச்சீனி விளையும். குச்சியை ஒடித்து நட்டால் போதும். உண்ணக்கூடிய கிழங்கை விதைக்காக ஒதுக்க வேண்டியதில்லை. மழை தவறினாலும் இலையை உதிர்த்துக் காத்திருந்து மீண்டும் தளிர்க்கும். முதிர்ந்த கிழங்கை உடனே பிடுங்காமல் சில மாதங்கள் மண்ணிலேயே விட்டுவைக்கலாம், மண்ணே பத்தாயம். கிழங்கில் சயனைடை வெளிவிடும் பொருள் ஒன்று உண்டு. தோலை உரித்து, நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்நீரை வடித்துக் கொட்டிவிட்டால் தீங்கில்லை. நம் வீட்டுப் பெண்கள் காலங்காலமாகச் செய்து வரும் இச்செயலில் வேதியியல் அடங்கியிருக்கிறது.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு ஹெக்டேரில் ஒரு போகத்துக்கு 5 டன் நெல் விளைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் அரிசி 3.3 டன், கலோரியில் ஏறத்தாழ 115 இலட்சம். இருபோகத்துக்கு 230 இலட்சம். அதே ஒரு ஹெக்டேரில் 25 டன் மரச்சீனி விளைந்தால், தோல் போக 20 டன் கிடைக்கும். அதன் கலோரி 320 இலட்சம். வயிற்றை நிரப்பும் ஆற்றலில் நெல்லை மரச்சீனி வென்றுவிடுகிறது.

ஆனால் வயிறு நிறைவது வேறு, உடல் வளர்வது வேறு. ஒருவர் நாளொன்றுக்கு 400 கிராம் அரிசி உண்டால் 1,400 கலோரியுடன் 28 கிராம் புரதமும் கிடைக்கும். அதே 1,400 கலோரியை 875 கிராம் மரச்சீனியிலிருந்து பெற்றால் கிடைக்கும் புரதம் 12 கிராம் மட்டுமே. வளரும் குழந்தைகளுக்கு இது போதவே போதாது. மரச்சீனியுடன் மீன் சேர்த்து உண்ணும் குமரி மாவட்ட வழக்கம் சுவைக்காக மட்டும் வந்ததன்று எனலாம். 150 கிராம் மீனில் ஏறத்தாழ 30 கிராம் புரதம் உண்டு. பஞ்ச காலத்தில் மீன் வாங்க வழியற்றவர்களையே ஊட்டக்குறைவு நோய்கள் பற்றிக்கொண்டன.

இன்று கப்பல் நின்றால்?

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி கன்னியாகுமரி மாவட்டத்தில் 18 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இருந்தனர். தலைக்கு நாளொன்றுக்கு 400 கிராம் அரிசி என்றால் ஆண்டுக்கு 2 இலட்சத்து 73 ஆயிரம் டன் அரிசி வேண்டும். நெல்லாகக் கொண்டால் சுமார் 4 இலட்சத்து 14 ஆயிரம் டன். ஹெக்டேருக்கு இருபோகத்தில் 10 டன் என்று தாராளமாக வைத்தாலும் 41,000 ஹெக்டேர் இருபோக வயல் தேவை. இது மாவட்டத்தின் மொத்தப் பரப்பில் கால்பங்கு.

இன்று இம்மாவட்டத்தில் நெல் பயிராவது சில ஆயிரம் ஹெக்டேர்களில்தான். கடந்த சில பத்தாண்டுகளில் வயல்கள் தென்னந்தோப்பாகவும் வாழைத்தோட்டமாகவும் வீட்டுமனைகளாகவும் மாறிவிட்டன. உழவரைக் குறைகூறிப் பயனில்லை. நெல்லில் செலவு மிஞ்சுகிறது, வாழையிலும் தென்னையிலும் வருவாய் கூடுகிறது. ஆயினும் பழைய திருவிதாங்கூரின் நிலைக்குக் களஞ்சியமே வந்து சேர்ந்திருக்கிறது என்பது உண்மை. அன்று பர்மாவிலிருந்து கப்பல் வந்தது. இன்று பிற மாவட்டங்களிலிருந்தும் மாநிலங்களிலிருந்தும் லாரியும் சரக்கு இரயிலும் வருகின்றன. அணுப்போரினால் வடநாட்டு விளைச்சல் வீழ்ந்து, எரிபொருளும் உரமும் தட்டுப்பட்டால் அவை எத்தனை நாள் ஓடும்?

நெருக்கடி வந்ததும் நாடுகள் முதலில் செய்வது கதவை அடைப்பது. 2022-இல் உக்ரைன் போரால் கோதுமை, உர விலைகள் ஏறின. அவ்வாண்டு மே மாதம் இந்தியா கோதுமை ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசிக்கும் தடை விதித்து, 2024 செப்டம்பரில்தான் நீக்கியது. தன் மக்களைக் காக்க ஒவ்வொரு நாடும் அப்படித்தான் செய்யும். உலகில் உள்ள தானியக் கையிருப்போ ஏறத்தாழ மூன்று நான்கு மாதத் தேவைக்கே போதுமானது. அதிலும் பெரும்பகுதி சீனாவில் இருக்கிறது.

செய்யக்கூடியதும் கூடாததும்

ஒரு வட்டாரம் தன் உணவுக்கு ஓரளவேனும் தன்னையே நம்பியிருப்பது எல்லா இடர்களுக்கும் நல்லது. வறட்சிக்கும் புயலுக்கும் கொள்ளைநோய்க்கும் அது உதவும். எஞ்சிய வயல்களையும் குளங்களையும் காப்பது முதல் வேலை. திருப்பதிசாரம் நெல் ஆராய்ச்சி நிலையம் இவ்வட்டாரத்துக்கு ஏற்ற ‘டி.பி.எஸ்.’ நெல் வகைகளை வெளியிட்டிருக்கிறது. திருவனந்தபுரத்தை அடுத்த சிறீகாரியத்தில் 1963 முதல் மத்திய கிழங்குப்பயிர் ஆராய்ச்சி நிலையம் மரச்சீனியையும் பிற கிழங்குகளையும் ஆராய்ந்து வருகிறது. இத்தகைய அறிவும் விதையும் கையில் இருப்பது பெருஞ்செல்வம். கடல்மீனும் அவ்வாறே. மீன்வளத்தை இன்றே அளவோடு பிடித்துக் காத்து வைத்தால் பயிர் பொய்க்கும் காலத்தில் அது கைகொடுக்கும் என்று அணுப்போர் பற்றிய ஆய்வுகளே கூறுகின்றன. கடற்பாசி வளர்ப்பும் உணவுக்கும் தீவனத்துக்கும் ஓரளவு உதவும் என்று 2024-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது.

ஆனால் இவற்றுக்கு ஓர் எல்லை உண்டு. 1943-இல் திருவிதாங்கூருக்குக் கப்பல் மட்டுமே நின்றது. வெயில் நிற்கவில்லை. அதனால்தான் மரச்சீனி விளைந்தது. வெப்பத்தை விரும்பும் அச்செடி 18 டிகிரிக்குக் கீழே தளரும். 10 டிகிரியில் வளர்ச்சி நின்றுவிடும். சிறிய போரின் கரித்திரையை மரச்சீனியும் மீனும் பங்கீட்டு அட்டையும் கொண்டு ஓரளவு சமாளிக்கலாம். 15 கோடி டன் கரி வானை மூடினால் கப்பலும் நிற்கும், வெயிலும் நிற்கும். அதற்கு எந்தக் களஞ்சியமும் ஈடு கொடுக்காது. பருவக்காற்றை மீண்டும் வீசச் செய்யும் எந்திரம் எவரிடமும் இல்லை. அணு ஆயுதங்களைத் தடைசெய்யும் உடன்படிக்கை ஒன்று 2021 ஜனவரி 22 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அணு ஆயுதம் வைத்துள்ள நாடுகளில் ஒன்றுகூட அதில் சேரவில்லை.

மாணவ நண்பர்களே! நாஞ்சில் நாட்டுக்குப் போட்ட கணக்கை உங்கள் ஊருக்கும் போட்டுப் பாருங்கள். உங்கள் வட்டத்தின் மக்கள்தொகை எவ்வளவு, நெல்வயல் எத்தனை ஹெக்டேர், மீதி அரிசி எங்கிருந்து வருகிறது என்பவற்றைக் கிராம நிர்வாக அலுவலரிடமும் நியாயவிலைக் கடையிலும் கேட்டறியலாம். கணக்கு முடிந்ததும், அயல்நாட்டுடன் போர் பற்றி யாரேனும் விளையாட்டாகப் பேசும்போது அந்த எண்ணை எடுத்துச் சொல்லுங்கள்.